தணியும் கொள்ளைநோயும் தடுப்பூசிச் சோதனையும்

2006ஆம் ஆண்டின் இறுதியில், வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை ஹந்தானை மலைச்சரிவுகளை நனைத்துக்கொண்டிருந்த காலத்தில், கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் இரண்டு ஜுரங்கள் ஒருங்கே பற்றின. அவற்றுள் ஒன்று, மகாவலிக் கரையில் வாழ்வோர் நெடுங்காலமாக அறிந்து அஞ்சி வந்த டெங்கு. மற்றொன்று, 1960களில் இலங்கைத் தீவில் பரவி, பின்னர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மருத்துவ மாணவரின் பாடப்புத்தகத்தில் மாத்திரமே இடம்பெற்றிருந்த சிக்குன்குன்யா. ஒரே இனத்து நுளம்புகள் இரண்டையும் சுமந்தன. ஒரே வீட்டில் தமையனுக்கு ஒன்றும் தங்கைக்கு மற்றொன்றுமாக வரக்கூடிய நிலை இருந்தது. முதல் இரண்டு நாட்களில் இரண்டின் முகமும் ஒன்றாகவே தோன்றியது.

பேராதனைப் போதனா வைத்தியசாலையின் வைத்தியர்கள் அப்பொழுது செய்த காரியம் பாராட்டுக்குரியது. பேராசிரியர் எஸ். ஏ. எம். குலரத்னவும் அவருடைய சகாக்களும் இவ்விரு நோயாளர் கூட்டத்தையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கி, எந்தக் குறி எதற்குரியது என்று ஆராய்ந்து, 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். டெங்கு நோயாளியின் கட்டிலருகே வைத்தியரின் சிந்தை முழுவதும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையிலேயே இருக்கும். காலையும் மாலையும் கையிலிருந்து குருதி எடுத்து, எண்ணிக்கை இறங்குகிறதா, குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டதா என்று கணந்தோறும் காத்திருப்பர். சிக்குன்குன்யாவோ உயிரை அரிதாகவே பறிப்பது. ஆனால் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் கணுக்காலும் வீங்கி, தேநீர்க் கோப்பையைப் பற்றவும் இயலாதபடி செய்து, ஜுரம் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் வருத்துவது. நாள் ஒன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்குப் பார்த்துக் கூலி பெறும் தோட்டத்துப் பெண்ணுக்கு விரல் மூட்டில் வரும் வலி, வருமானத்தின் வேரிலே விழும் வெட்டாகும்.

அந்த அலை தணிந்தது. எதிர்ப்பற்ற தேகங்கள் குறைந்தன, மழை ஓய்ந்தது, ஜனங்கள் தேங்கிய நீரைக் கொட்டினர், சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினர். எல்லோரும் மகிழ்ந்த அந்தத் தணிவினுள்ளே வைத்திய விஞ்ஞானத்துக்கு ஒரு நஷ்டமும் அடங்கியிருந்தது என்பதையே இங்கு விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அன்று சிக்குன்குன்யாவுக்கு ஒரு தடுப்பூசி எவரிடமேனும் ஆயத்தமாக இருந்திருப்பினும், அது மனிதரை நோயினின்றும் காக்கிறதா என்று நிரூபித்தற்குரிய சந்தர்ப்பம் அந்த மழையோடு கழிந்து போயிருக்கும்.

உண்மையில் அப்படியொரு மருந்து இருந்தது. தாய்லாந்தில் 1962இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸை ஆய்வுகூடத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வீரியத்தைத் தணித்து, அமெரிக்க இராணுவ வைத்திய ஆய்வாளர்கள் ஓர் உயிருள்ள தடுப்பு மருந்தை 1980களில் ஆக்கினர். ஐம்பத்தொன்பது தொண்டர்களுக்கு அது ஏற்றப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ அனைவருடைய குருதியிலும் வைரஸை முறியடிக்கும் பொருள்கள் தோன்றின. ஐவருக்குச் சிறிது காலம் மூட்டு வலி வந்து மாறியது. இந்தப் பெறுபேறு 2000ஆம் ஆண்டில் அச்சேறியது. நோய் அக்காலத்தில் உலகின் கண்ணிற் படாதிருந்தமையால் பணம் கொடுப்பார் இல்லை. மருந்து கிடப்பிற் போடப்பட்டது. ஐந்தாண்டுகள் கழிந்து இந்து சமுத்திரத்து ரீயூனியன் தீவில் நோய் வெடித்து, அங்குள்ள ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை வீழ்த்தி, பின் இந்தியாவையும் இலங்கையையும் அடைந்தபோது, அம்மருந்தை எடுத்துச் சோதிக்க வேண்டிய களத்தில் அதற்குரிய ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை.

தடுப்பூசியைச் சோதிப்பதற்கு நோய் ஏன் வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். சிகிச்சை மருந்தாயின், நோயுற்றவனிடத்தில் கொடுத்து அவன் தேறுகிறானா என்று பார்த்துவிடலாம். தடுப்பூசியோ நோயில்லாதவனுக்குக் கொடுக்கப்படுவது, நிகழாமையே அதன் வெற்றி. நிகழாமையை நிரூபிக்க, நிகழ்ந்திருக்கக்கூடியதை அறிதல் வேண்டும். ஆதலால் முப்பதினாயிரம் பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் இரு கூறாக்கி, ஒரு கூற்றினருக்கு மெய்யான மருந்தையும் மறு கூற்றினருக்கு வெறும் ஊசியையும் ஏற்றி, யார் எதைப் பெற்றார் என்பதை ஏற்றியவரும் அறியாதபடி மறைத்து, பின்னர் இரு சாராரிடத்தும் தோன்றும் நோயாளரை எண்ணுவர். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் தொற்றும் காலமாயின், வெறும் ஊசி பெற்ற பதினையாயிரவருள் 150 பேர் நோயுறுவர். மருந்து நூற்றுக்கு அறுபது பங்கு காப்பதாயின், மற்றப் பதினையாயிரவருள் 60 பேரே நோயுறுவர். 150க்கும் 60க்கும் இடையிலுள்ள பேதத்தைத் தற்செயல் என்று எந்தக் கணிதரும் சொல்லமாட்டார். இனி, ஊசி ஏற்றி முடிவதற்குள் அலை தணிந்து, பதினாயிரத்துக்கு ஒருவருக்கே நோய் தொற்றும் நிலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒருவர் அல்லது இருவர்; மறுபக்கம் ஒருவர், அன்றேல் எவருமில்லை. இதைக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. முன்போல் 150 நோயாளரைக் காண வேண்டுமாயின் கூற்றுக்குப் பதினைந்து இலட்சம் பேராக, முப்பது இலட்சம் பேருக்கு ஊசி ஏற்ற வேண்டும். மத்திய மாகாணத்தின் முழு ஜனத்தொகையும் அதற்குப் போதாது.

நெறிமுறைக் குழுவின் சம்மதம், மருந்தைக் குளிரிற் காத்துக் கொண்டுவருதல், ஊழியரைப் பழக்குதல், மக்களிடம் விளக்கி ஒப்பம் பெறுதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் வாரங்களையும் மாதங்களையும் விழுங்குவன. இவையெல்லாம் முடிந்து ஊசி ஏற்றிய பின்னும் தேகம் எதிர்ப்பைத் திரட்ட இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் முன்னோர் சொன்னது பொருள் நிறைந்த சொல். ஆயின் களத்தை மெழுகி, கதிரை அடித்து, நெல்லைக் குவித்து வைத்தவனுக்கன்றோ காற்று உதவும்? காற்று வீசத் தொடங்கிய பின் களத்துக்கு இடம் தேடுகிறவன், நெல்லோடு வந்து சேரும்போது காற்று ஓய்ந்திருக்கும்.

இந்த இடர்ப்பாட்டை முதன்முதலில் அநுபவித்தவர்களுள் ஒருவர், இந்தியாவில் வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கொண்டுவந்த வால்டெமார் ஹாஃப்கின். 1893இல் ஆக்ராவிலும் வடஇந்திய நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசி ஏற்றினார். ஆயினும் ஊசி ஏற்றிய ஊருக்கு நோய் வரவேண்டும் என்ற நியதி ஏதுமில்லை. நோய் ஓயாது நிலைபெற்றிருந்த கல்கத்தாவின் சேரிகளே அவருக்கு விடை தந்தன. 1894 மார்ச்சில், இரண்டு குளங்களைச் சூழ்ந்த ஒரு சேரியில் வாந்திபேதி தோன்றவே, ஏறக்குறைய இருநூறு பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 116 பேருக்கு ஊசி ஏற்றினார். அதன் பின்னர் பத்துப் பேர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். அந்தப் பதின்மரும் ஊசி ஏற்றிக்கொள்ளாதவர்களே. நோயைப் பின்தொடர்ந்து ஓடாமல் நோய் இருக்கும் இடத்திலே தங்கிக் காத்திருந்தமையே அவருடைய வெற்றிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கண்டிக்கு இவ்விஷயத்தில் இன்னும் நெருங்கிய ஓர் உறவு உண்டு. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பேராதனை மருத்துவ பீடத்திலும் பயின்று, ஒக்ஸ்போர்ட்டில் ஆராய்ச்சி செய்து, மீண்டும் பேராதனைக்கே வந்து வைரஸ் ஆராய்ச்சியை வளர்த்தவர் மலிக் பீரிஸ். 1980களில் அநுராதபுரப் பிரதேசத்தில் ஜப்பானிய மூளையழற்சி பரவியபோது, பன்றிகளின் குருதியையும் நுளம்புகளையும் மனித நோயாளரையும் ஒருங்கே ஆராய்ந்து அந்நோயின் வழியை அறியச் செய்தவர்களுள் அவர் ஒருவர். பின்னர் ஹொங்கொங் சென்றார். 2003 மார்ச்சில், பெயர் தெரியாத ஒரு நுரையீரல் நோய் அந்நகரத்து வைத்தியசாலைகளில் வைத்தியரையும் தாதியரையும் வீழ்த்திக்கொண்டிருந்த நாட்களில், குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் அந்நோயின் வைரஸை வளர்த்தெடுத்து, அது கொரோனா இனத்தைச் சேர்ந்த புதியதொன்று என்று கண்டவர்கள் அவரும் அவருடைய குழுவினருமே. அதுவே சார்ஸ்.

காரணம் தெரிந்துவிட்டது, இனித் தடுப்பூசி வரும் என்று உலகம் எதிர்பார்த்தது நியாயமே. சீனத்தில் 36 தொண்டர்களுக்கும் அமெரிக்காவில் பத்துப் பேருக்கும் ஒவ்வொரு மாதிரித் தடுப்பூசி ஏற்றப்பட்டது. பெரிய கேடொன்றும் விளையவில்லை, குருதியில் எதிர்ப்பும் தோன்றியது. ஆயினும் அதற்குள் நோயே இல்லாது போய்விட்டது. 8,096 பேரைத் தீண்டி, 774 பேரின் உயிரைக் குடித்த சார்ஸ், தனிமைப்படுத்தலாலும் விடாப்பிடியான கண்காணிப்பாலும் அடக்கப்பட்டுவிட்டது என்று 2003 ஜூலை 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அந்தத் தடுப்பூசிகள் மெய்யாகவே மனிதரைக் காக்குமா என்ற வினாவுக்கு இன்றுவரை விடையில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்து மற்றொரு வைரஸ் உலகை முடக்கியபோது, முன்னமே முற்றுப்பெற்றிருந்த சோதனை ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை மாதங்கள் மிஞ்சியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அந்தப் பெருந்தொற்றிலும் இதே தொல்லை நேர்ந்தது: தன் மண்ணில் நோயை ஒடுக்கிவிட்ட சீனம் தன் தடுப்பூசிகளைப் பிரேசிலுக்கும் அபுதாபிக்கும் கொண்டுசென்று சோதித்தது, 2020 கோடையில் பிரித்தானியாவில் நோய் குறையவே, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் பிரேசிலையும் தென்னாப்பிரிக்காவையும் நாட நேர்ந்தது.

தணியும் நோயைக்கொண்டே விடை காண ஒரு வழி இருக்கிறது என்பதை மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா காட்டியது. 2015 பெப்ரவரியில் லைபீரியாவில் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. 28,000 பேரைச் சேர்ப்பது திட்டம். நோயாளர் தொகை விரைவாகக் குறைந்தமையால் 1,500 பேரோடு நின்றது. மருந்து தீங்கற்றது என்று சொல்ல முடிந்ததேயன்றி, அது காக்குமா என்று சொல்ல முடியவில்லை. அயல்நாடாகிய கினியில் வேறொரு வழியைத் தேர்ந்தனர். பெரியம்மையை ஒழித்த காலத்தில் கையாண்ட வளைய முறையை நினைவுகூர்ந்து, ஊர் முழுவதுக்கும் ஊசி ஏற்றுவதை விடுத்து, எபோலா நோயாளி ஒருவர் உறுதிப்பட்டவுடன் அவரைத் தீண்டியோரையும் அவர்களைத் தீண்டியோரையும் ஒரு வளையமாகத் திரட்டினர். சில வளையங்களுக்கு உடனேயும், சில வளையங்களுக்கு இருபத்தொரு நாள் தாழ்த்தியும் ஊசி ஏற்றுவதென்று குலுக்கல் முறையில் தீர்மானித்தனர். நாடெங்கும் நோய் அருகியிருந்தபோதும் அந்த வளையங்களுக்குள் மாத்திரம் அது அடர்ந்திருந்தது என்பதே இம்முறையின் நுட்பம். உடனே ஊசி பெற்றவர்களிடையே, பத்து நாள் கழிந்த பின் ஒருவரும் நோயுறவில்லை. தாழ்த்தப்பட்ட வளையங்களில் 16 பேர் நோயுற்றனர். இடைக்காலக் கணக்கிலேயே பேதம் தெளிவாகத் தெரிந்தமையால், 2015 ஜூலையில் தாழ்த்தும் ஏற்பாட்டைக் கைவிட்டு எல்லோருக்கும் உடனே ஊசி ஏற்றினர். காப்பது என்று தெரிந்த மருந்தை ஒரு நாளேனும் ஒருவனிடமிருந்து விலக்கி வைத்தல் அறமாகாது.

ஆயத்தம் என்பதன் வலிமையை உகண்டாவின் இரண்டு நிகழ்ச்சிகள் அளந்து காட்டுகின்றன. எபோலாவின் உறவாகிய சூடான் வைரஸ் 2022 செப்டெம்பர் 20ஆம் திகதி அங்கே அறிவிக்கப்பட்டது. அதற்குரிய மாதிரித் தடுப்பூசிகள் சில நாடுகளின் ஆய்வுகூடங்களில் இருந்தன. அவற்றைக் குப்பியிலடைத்து, சம்மதம் பெற்று, விமானமேற்றிக் கம்பாலாவில் இறக்கிய நாள் டிசெம்பர் 8. கடைசி நோயாளி அதற்கு முன்பே குணமடைந்து வீடு சென்றிருந்தார்; வந்த மருந்து குளிரறையிலேயே தங்கிற்று. 2025 ஜனவரி 30ஆம் திகதி அதே நோய் மறுபடியும் அங்கே தோன்றியபோது, மருந்து நாட்டினுள்ளேயே இருந்தது. வளையச் சோதனைக்குரிய திட்டம் முன்னமே எழுதி ஒப்பப்பட்டிருந்தது. நான்காம் நாள், பெப்ரவரி 3ஆம் திகதி, முதல் ஊசி ஏற்றப்பட்டது. முன்னர் எழுபத்தொன்பது நாட்கள் சென்ற காரியம் நான்கு நாட்களில் முடிந்தது. அந்த அலையில் நோயுற்றவர் பதினால்வர் மாத்திரமே; ஆதலால் மருந்தின் காக்கும் வலிமையைத் தீர்மானிக்க அச்சிறு தொகை போதாது. எனினும் காற்று வீசியபோது களம் அங்கே ஆயத்தமாயிருந்தது.

நோயை எதிர்பாராமலே தடுப்பூசியை அங்கீகரிக்கும் மற்றொரு மார்க்கமும் உண்டு. சிக்குன்குன்யா அந்த மார்க்கத்தில்தான் சென்றது. தேகத்தினுட் புகும் வைரஸைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் என்பர். இவற்றை அளக்கும் விதம் எளிமையும் அழகும் உடையது: ஒரு தட்டின் அடியில் உயிரணுக்களை ஒற்றைப் படலமாக வளரவிட்டு, வைரஸையும் ஊசி பெற்றவரின் குருதியிலிருந்து பிரித்த சீரத்தையும் கலந்து மேலே ஊற்றுவர், வைரஸ் வென்ற இடங்களில் உயிரணுக்கள் மடிந்து, சாயமிட்டவுடன் வெற்றுப் புள்ளிகளாகத் தோன்றும். சீரத்தை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் ஆற்றல் எந்த நிலைவரை நிற்கிறதென்று எண்ணிக் காண்பர். ஊசி பெற்ற மனிதரின் சீரத்தைக் குரங்குகளுக்கு ஏற்றி, பின் அவற்றுக்கு வைரஸைச் செலுத்தி, எவ்வளவு பிறபொருளெதிரி இருந்தால் குரங்கு தப்புகிறது என்று கண்டு, அதைக்கொண்டு மனிதருக்கு ஓர் எல்லையை வகுத்தனர். நோயே பரவாத அமெரிக்காவில் நான்காயிரத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்துச் சோதித்தபோது, அளந்து பார்க்கப்பட்ட 266 பேருள் 263 பேர் அந்த எல்லையைத் தாண்டினர். 2023 நவம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. உலகின் முதல் சிக்குன்குன்யா தடுப்பூசி அது.

இந்த மார்க்கத்தை நான் இகழவில்லை. அலைக்காகக் காத்திருந்தால் இன்னும் இருபதாண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும். ஆயினும் பிறபொருளெதிரியின் அளவு ஒன்றையே நம்புவதில் ஓர் அபாயம் உண்டென்று முன்னரே எச்சரித்தவர்களுள் நம் பேராதனை மாணவரும் ஒருவர். 1979இல் ஒக்ஸ்போர்ட்டில் மலிக் பீரிஸும் அவருடைய ஆசிரியர் போர்ட்டர்ஃபீல்டும் காட்டிய உண்மை இது: டெங்கு இனத்து வைரஸ்களைப் பொறுத்தவரையில், அளவிலோ தன்மையிலோ குறைந்த பிறபொருளெதிரி, வைரஸைத் தடுப்பதற்குப் பதிலாக அதைப் பற்றி இழுத்து, சில வெண்குருதி உயிரணுக்களினுள்ளே நுழையவைத்துப் பெருகச் செய்துவிடலாம். 2017இல் பிலிப்பைன்ஸில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றப்பட்டிருந்த டெங்குத் தடுப்பூசி, முன்பு டெங்கு காணாத பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று அதை ஆக்கிய நிறுவனமே அறிவித்தபோது, அந்த எச்சரிக்கை எத்துணை மெய்யானது என்று உலகம் உணர்ந்தது. குருதியில் அளந்த அளவு இதைச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து எண்ணிய பின்னரே தெரிந்தது.

இலங்கைப் பிள்ளைகளும் பங்குகொண்ட மற்றொரு பெருஞ்சோதனையையும் இங்கே குறிப்பிடல் தகும். எட்டு நாடுகளில் 4 முதல் 16 வயதுக்குட்பட்ட இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்து, 2016இல் தொடங்கிய அந்த டெங்குத் தடுப்பூசிச் சோதனை, முதலாண்டில் நூற்றுக்கு எண்பது பங்கு காப்பு என்று தெளிவாகச் சொல்லிற்று. ஆயினும் டெங்கு நான்கு வகைப்படும். அவற்றுள் நான்காம் வகை அந்த ஆண்டுகளில் அருகியே பரவியமையால், முன்பு டெங்கு காணாத பிள்ளைகளை அது அந்த வகையிலிருந்து காக்குமா என்று இருபதினாயிரம் பிள்ளைகளைக்கொண்டும் உறுதியாகக் கூற இயலவில்லை. ஓயாத நோய் என்று நாம் நினைக்கும் டெங்குவின் உள்ளேயும் தணியும் அலைகளும் எழும் அலைகளும் இருக்கின்றன.

சிக்குன்குன்யாவின் கதைக்கு 2025இல் ஒரு துயரமான அத்தியாயம் சேர்ந்தது. ரீயூனியன் தீவில் நோய் மறுபடியும் பரவவே, அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தத் தடுப்பூசி முதியோருக்கும் ஏற்றப்பட்டது. ஊசி பெற்ற முதியோருள் சிலருக்குக் கடுமையான கேடுகள் நேர்ந்து, மரணங்களும் அறிவிக்கப்பட்டன. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அதை ஏற்றுவதைப் பிரான்ஸ் நிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் அமெரிக்காவும் அதன் அனுமதியை இடைநிறுத்தியது. நாலாயிரம் பேரில் தெளிவாகத் தென்படாத அரிய கேடு, நோயும் முதுமையும் பிற வியாதிகளும் கலந்த மெய்யான ஜனசமூகத்திலே தென்பட்டது. அனுமதி கொடுத்ததோடு சோதனை முடிந்துவிடுவதில்லை என்று வைத்திய நூல்கள் சொல்வதன் பொருள் இதுவே. நோய் வரும் நாட்டிலே, நோய் வரும் காலத்திலே, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்கோடு அது தொடர வேண்டும்.

அதே நோயின் ஓர் அலை 2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இலங்கையிலும் எழுந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காணாதிருந்த மூட்டு வீக்கத்தோடு மக்கள் மறுபடியும் வைத்தியசாலைகளுக்கு வந்தனர்; இந்த இடைக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுள் எவரும் அந்நோயை அறிந்தவரல்லர். கண்டியில் எதிர்வரும் அலைக்கு முன் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. பேராதனையில் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையினரின் சீரத்தைச் சேமித்து வைத்தால், இப்பிரதேசத்தில் எத்தனை பேருக்கு எந்த நோயின் எதிர்ப்பு இருக்கிறதென்று அலைக்கு முன்னமே தெரியும். வளையச் சோதனைக்குரிய திட்டத்தை நெறிமுறைக் குழு இப்பொழுதே ஆராய்ந்து ஒப்பி வைக்கலாம். ஒப்பப் பத்திரங்கள் சிங்களத்திலும் தமிழிலும், தோட்டத்து லயன் வீட்டில் வாசித்துச் சொன்னால் விளங்கும் நடையிலும் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு சோதனை ஓர் அலையோடு முடிந்தாக வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட்டு, இவ்வாண்டின் நோயாளரையும், ஐந்தாண்டு கழித்து வரும் நோயாளரையும், பக்கத்து நாட்டின் நோயாளரையும் ஒரே கணக்கில் சேர்த்து எண்ணும்படி அத்திட்டத்தை வகுத்தல் கூடும். இவற்றுக்கு வேண்டிய ஆய்வுகூடம் பேராதனையில் இருக்கிறது, வைத்தியரும் இருக்கின்றனர். டெங்கு அருகும் மாதங்களில் அவர்களுக்கு ஒதுக்கப்படும் நேரமும் பணமுமே இனி வேண்டும்.